முப்பத்தோராவது எச்சரிக்கை

நீதான் செய்திருக்கிறாய். வேறு யார் மேலும் பழியைப் போட ஆள் கிடைக்கவில்லை, நான் தேடவும் இல்லை. கோப்பின் தேதியே சொல்கிறது: இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜைக்கு முதல் நாள், சாயங்காலம் ஐந்து ஐம்பத்திரண்டு. ஆறு மணிக்கு நீ சாவியை இந்த மேஜையில் வைத்தாய். வீசவில்லை, வைத்தாய், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், வீசியிருந்தால் நானும் எதையாவது எடுத்து வீசியிருப்பேன், அன்றோடு தீர்ந்திருக்கும். "என் சாமான எடுத்துக்கிறேன் தவம், அரை மணி நேரம் போதும்" என்று ஐந்தரைக்கு வந்ததுமே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ரோஷம். சிம்மக்கல் சிக்னலில் பஸ் திரும்புவதைப் பார்ப்பதுபோல் நின்றேன், காது மட்டும் உன் பக்கம் இருந்தது, கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, சாமான் எடுக்கிறவள் ஏன் இவ்வளவு தட்டுகிறாள் என்று அப்போதே திரும்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வருஷம் ஊரெல்லாம் பேசினேன். பார்ட்னராக இருந்தவள் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் போன் நம்பர், அதில் பாதி காலேஜ் பிள்ளைகள், என்று டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாகச் சொன்னேன். அத்தாட்சி இல்லாமல் சொன்னேன். இப்போது அத்தாட்சி திரையில் நிற்கிறது, சிவப்பு எழுத்தில், முப்பத்தோராவது வரியாக. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதரைக்கு ஆரம்பித்த வேலை. கடைக்காரர்களின் வெப்சைட்டும் மெயிலும் இந்த ரத்தப் பட்டியலும் ஓடுகிற நம் சர்வரில் புதுப் பேக்கேஜ்கள், மென்பொருள்களின் புதுப் பதிப்புகள், போட வேண்டியிருந்தது, வெப் சர்வருக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, அதோடு உன் காவல்காரனுக்கும் புதுப் பதிப்பு வந்திருந்தது. காவல்காரன் என்று நீதான் பெயர் வைத்தாய். மெஷினில் இருக்கிற முக்கியமான கோப்பு ஒவ்வொன்றுக்கும் கைரேகை எடுத்து வைத்துக்கொள்ளும், தினம் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கும், ரேகை மாறியிருந்தால் குரைக்கும். யார் மாற்றினார்கள் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வெள்ளையடிக்க வந்தவனையும் கன்னம் வைக்க வந்தவனையும் பார்த்து ஒரே மாதிரிதான் குரைக்கும். அதனால் பேக்கேஜ் போட்ட அன்று குரைப்பு அதிகமாகத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும், பத்தாம் வகுப்போடு நின்றவளுக்குக்கூடத் தெரிகிற மாதிரி நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ஆனால் நடுவில் ஒரு கேள்வி வந்தது. காவல்காரனின் அமைப்புக் கோப்பை யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள், பழையதையே விடவா, புதியதை வைக்கவா என்று கேட்டது. இந்தக் கேள்வி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பழையதையே விடு, அப்புறமாக ஒப்பிட்டுப் பார் என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு வேன்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் நின்றான். ஜன்னலைத் திறந்து அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்த சூட்டில் புதியதை வை என்று தட்டிவிட்டேன். அவ்வளவுதான். பழைய அமைப்பில் நீ எழுதி வைத்திருந்த விதிவிலக்குகள் எல்லாம் போய்விட்டன, இதைப் பார்க்காதே அதைக் கண்டுகொள்ளாதே என்று நீ அதன் காதில் ஓதி வைத்தது எல்லாம் போய்விட்டது. காவல்காரனை ஓடவிட்டேன். முப்பத்தொன்று எண்ணும் வரைக்கும் பொறுத்தேன், அதற்கு மேல் பொறுக்காமல் பாதியில் நிறுத்தினேன். முழுசாக ஓடவிடு தவம், கடைசியில்தான் அது முக்கியமானதைச் சொல்லும். இதையும் நீதான் சொன்னாய். நீ சொல்லாத எதையாவது நான் இன்று செய்தேனா என்றால், டீ குடித்தேன்.

முப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அதை நம்பு. எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது, பேக்கேஜ் செய்தவர்கள் கொடுத்த ரேகையும் இங்கே இருக்கிற ரேகையும் ஒன்றா என்று ஒவ்வொன்றாக. ஒன்று, இரண்டு, மூன்று, சரி, சரி, சரி. இந்தப் பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை. பதினாறு வயதில் பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கி விற்கிற கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன், ஆறு மாதத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பேரம் பேசினேன். டிஸ்க்கைக் கரண்டில் மாட்டிக் காதோரம் வைத்தால் சாகப்போகிற டிஸ்க் டிக் டிக் என்று சொல்லும், விற்க வந்தவனின் முகம் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். நான் முகத்தைப் பார்த்து வாங்குவேன். பின்பக்கத் தடுப்புக்குள் நீ உட்கார்ந்து, பாலிடெக்னிக் முடித்த கண்ணாடிக்காரி, ஒவ்வொரு டிஸ்க்கையும் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு நீள நோட்டில் எழுதுவாய். "முகம் நல்லாருந்தா டிஸ்க்கும் நல்லாருக்குமாக்கும்" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்ட முதல் நாளே எனக்கு உன்னைப் பிடிக்காமல் போயிற்று. அதற்கு மறுநாள் மத்தியானம் உன் டிபன் பாக்ஸில் இருந்த சுண்டைக்காய் வத்தலைக் கேட்காமல் எடுத்துத் தின்றேன். அடுத்த நாளிலிருந்து கூடக் கொண்டுவந்தாய். எட்டு வருஷம் கழித்து இந்த மாடியைப் பிடித்தபோது வாடகையை நான் பேசினேன், வயரிங்கை நீ பார்த்தாய். நல்ல ஜோடி என்றார்கள். நீள நோட்டும் வந்தது. எதைப் போட்டாலும் முதலில் நோட்டில் எழுது, அப்புறம்தான் எண்டர் தட்டு, நம் கடைக்கு இருந்த ஒரே சட்டம் அது. நோட்டு இதோ இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் கோடு. சட்டம் போட்டவளே எழுதவில்லை என்றால் என்ன அர்த்தம்.

முப்பது சரி. முப்பத்தொன்று எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை. ஆர்எம் என்கிற கட்டளை, கோப்பை அழிக்கிற கட்டளை, அதற்கு முன்னால் அதே பெயரில் ஒரு ஸ்கிரிப்ட், யாரோ எழுதிய குட்டி நிரல், உட்கார்ந்திருக்கிறது என்கிறது காவல்காரன், உன் விதிவிலக்கு போனதால்தான் இன்றைக்குச் சொல்கிறது. நான் அழி என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் என் பேச்சு முதலில் அதன் காதுக்குத்தான் போயிருக்கிறது, இரண்டு வருஷமாக. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்க ஒரு நொடி போதும். பார்க்கவில்லை. டிஸ்க்கைக் காதில் வைக்கப் பயந்து நின்றதில்லை நான், இன்று பயமாக இருக்கிறது, பார்த்துவிட்டால் அது நிஜமாகிவிடும், இரண்டு வருஷம் வாயால் சொன்னது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறு. உடனே ரத்தப் பட்டியலின் தளத்தை மட்டும் மூடினேன். பட்டியலை நீ பூட்டிய பெட்டியாகத்தான் செய்து வைத்தாய், சிக்கந்தர் பாய் தன் பாஸ்வேர்டைப் போட்டால்தான் திறக்கும், எனக்கே ஒரு நம்பரும் தெரியாது. உள்ளே ஒருவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாய் பாஸ்வேர்டு போடுகிற அந்த நொடிக்குத்தான் காத்திருப்பான். மூடினது சரிதான். மூடி மூன்று நிமிஷம் ஆகவில்லை, பாயின் போன் வந்துவிட்டது. நெல்பேட்டையில் கண்ணாடி வெட்டிக்கொண்டே இருபது வருஷமாக ஊருக்கு ரத்தம் தேடிக் கொடுக்கிற மனிதர், பின்னால் கண்ணாடி கீறுகிற சத்தம் கேட்டது. "தவமணிம்மா, லிஸ்ட்டு தொறக்க மாட்டேங்குதே." மூடி வைத்திருக்கிறேன் என்றேன். "ஏம்மா?" ஒரு சந்தேகம் என்றேன். "சந்தேகத்த சாயங்காலம் வச்சுக்கம்மா. பிரசவத்துக்கு வந்த பிள்ளைக்கு ஓ நெகட்டிவ் கேக்குறாங்க, பன்னண்டு மணிக்குள்ள. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது மூணு பேரு. ஒருத்தன் துபாய்ல இருக்கான், ஒருத்தருக்கு மஞ்சக்காமாலை, ஒருத்தர் போன எடுக்கல." அரை மணி நேரம் கொடுங்கள் பாய் என்றேன். "கால் மணி நேரம்." இருபது நிமிஷம். "ரத்தத்துக்குமா பேரம் பேசுவ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நான்தான் சிரிக்கவில்லை. மணி பத்து ஐம்பத்தைந்து. பதினொன்றேகாலுக்குள் நான் இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் சுத்தம், திறக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லை, மெஷின் கெட்டுவிட்டது, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவர்கள் நம்பர் கெட்டவன் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் துடைத்துப் போட வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள் இல்லை. பெயர் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம், பெயர் இல்லாத வயிறு ஒன்று கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, என் தங்கை உண்டாகியிருந்தபோது இருந்தது மாதிரி, பச்சை நரம்பு ஓடினது, ஏழாம் மாதம்.

அரிசி ஆலைக்காரர் ஞாபகம் வருகிறார், வரக்கூடாத நேரத்தில்தான் அவர் எப்போதும் வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்து, உங்க மெயில் சர்வீசு என் மில்லு எலிக்குக்கூட உதவாது என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அதுதான் ஆபத்து, நான் பேசாவிட்டால் கை பேசும். அவர் படியிறங்குவதற்குள் அவருடைய மெயில் பெட்டியை மொத்தமாக அழித்தேன், ஆறு வருஷத்து மெயில். பத்தாவது நிமிஷம் கீபோர்டை விட்டுத் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ திட்டவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் இங்கிருந்தும் அங்கிருந்தும் ஒட்டுப்போட்டு எடுத்துக்கொடுத்தாய். அவருக்கு இன்று வரைக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உன் கைக்கு ஒரு பூட்டுப் போடணும் தவம்" என்றாய், அவ்வளவுதான் சொன்னாய், சிரிப்புக்கூட இருந்தது. "பூட்டுப் போட நீ யாருடி? வேலையப் பாத்தமா போனமான்னு இரு" என்றேன், ஜவுளிக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கும்போது, சரிபாதிப் பங்குக்காரியைப் பார்த்து, சம்பளக்காரியைச் சொல்வது மாதிரி. சொன்ன வார்த்தை எனக்கு நாக்கில் இன்னும் இருக்கிறது, புளித்த மோர் மாதிரி. மூன்றாம் நாள் நீ சாவி கொடுக்க வந்தாய். மறுநாள் பூஜை. சர்வரை நிறுத்தி வைக்க முடியாது, அறுப்புக் கத்தியா சும்மா சாத்தி வைப்பதற்கு, அதனால் வருஷா வருஷம் நான் ஒன்று செய்வேன். கேபினட்டுக்குச் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம், சூடம் காட்டி முடித்ததும் காவல்காரனிடம், இப்போது இருப்பதெல்லாம் சரி, எல்லாக் கைரேகையையும் புதிதாக எடுத்துக்கொள் என்று ஒரே கட்டளை. புது வருஷம், புதுக் கணக்கு மாதிரி. உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "வந்த எச்சரிக்கையப் படிக்காம ஒப்புக்கிட்டா, உள்ள திருடன் இருந்தா அவனுக்கும் சேத்துல்ல பொட்டு வச்சு விடுற." சாமி காரியத்தில் வாயை வைக்காதே என்பேன். அந்த வருஷம் நீ இல்லை, கேட்க ஆளில்லை, இரட்டைச் சூடம் காட்டினேன், நீ வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்டுக்கும் சேர்த்து நானே பொட்டு வைத்தேன். நீ அதையும் எதிர்பார்த்துத்தான் முதல் நாள் வந்திருக்கிறாய். என் பக்தியிலேயே ஓட்டை போட்டு உள்ளே நுழைந்திருக்கிறாய். இதை நினைத்த நொடியில்தான் கை கீபோர்டுக்குப் போயிற்று.

ஆமாம், அழித்தேன். படிக்காமல் அழித்தேன். ஆர்எம் என்று தட்டி, அந்த ஸ்கிரிப்ட் இருக்கிற இடத்தைத் தட்டி, எண்டர். மணி பதினொன்று ஆறு. போயிற்று. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் உறைத்தது, என்ன காரியம் செய்தாய் தவமணி, திருட்டுக்கு இருந்த ஒரே சாட்சியைக் கையாலேயே கொன்றுவிட்டாய், உள்ளே என்ன இருந்தது என்று இனிமேல் யாருக்குத் தெரியும், சுத்தமா கெட்டதா என்று எதை வைத்துப் பாயிடம் சொல்வாய். அரிசி ஆலைக்காரரின் மெயிலை அழித்த அன்று வந்த அதே பத்தாவது நிமிஷம். திரும்பிப் பார்த்தேன். உன் நாற்காலியில் கூரியர் பாக்கெட்டுகள் கிடக்கின்றன. பாட்டிலை எடுத்தேன், தண்ணீர் இல்லை, டீ கிளாஸின் அடியில் சர்க்கரை மட்டும் இருந்தது. செய்ய ஒன்றுமில்லாதவள் செய்கிற ஒன்றைச் செய்தேன், காவல்காரனை மறுபடி ஓடவிட்டேன், இந்தத் தடவை கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு. ஓடட்டும். முழுசாக ஓடட்டும். கருப்பணசாமி, முப்பத்தொன்றில் முப்பது சரியாக இருக்கிறது, இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடு, சந்தனச் சாத்துப்படி செய்கிறேன், போன சித்திரையில் செய்ததைவிட ஒரு பங்கு கூட. பாய் சொன்னது சரிதான், நான் எதற்கும் பேரம் பேசுகிறவள். வரிகள் ஓடுகின்றன, பச்சை, பச்சை, பச்சை. காலையில் நான் நிறுத்தின இடத்தைத் தாண்டி ஓடுகின்றன. கடைசிக்கு நாலு வரி முன்னால் ஒரு சிவப்பு. மறைந்திருக்கும் ஒரு போல்டர் என்றது. காலையிலேயே சொல்லியிருக்கும், நான் சொல்லவிட்டால்.

போல்டரைத் திறந்தேன். தேதி வாரியாக அடுக்கியிருந்தது, உன் அடுக்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேலே முதலில் இன்றைய தேதி, பதினொன்று ஆறு, நான் இப்போது கொன்ற அதே ஸ்கிரிப்ட், ஒரு எழுத்துக் குறையாமல். சாகிறதற்கு முன்னால் தன்னையே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுச் செத்திருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வருஷமாக நான் அழித்தது எல்லாம். எல்லாம் என்றால் எல்லாம். ஜவுளிக்கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொன்ன அன்று நான் தூக்கிப்போட்ட அவருடைய பழைய சேலைப் படங்கள். மழையில் ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த அன்று அழித்த மூன்று போல்டர்கள். தங்கை போன் பண்ணி அழுத அன்று ஒன்று, யார் மேல் கோபம் என்றே தெரியாமல். என் கோபத்துக்கு ஒருத்தி நாட்காட்டி அடித்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. டிஸ்க் ஏன் இப்படி நிரம்புகிறது என்று விற்றவனை நடு ரோட்டில் நிறுத்திக் கேட்டேனே, பாதி விலைக்குப் பேசிப் பெரிய டிஸ்க் வாங்கி மாட்டினேனே, அவனிடம் வேறு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகக் கடைசியில், அடியில், பூஜைக்கு மறுநாள் தேதியில், உன் பெயரில் இருந்த போல்டர். நீ போன பிறகு நான் முதல் வேலையாக அழித்தது அதைத்தான். உன் குறிப்புகள், உன் பாடங்கள், எனக்காகத் தமிழில் எழுதி வைத்த விளக்கங்கள், ஒன்றும் போகவில்லை. நான் என்ன செய்வேன் என்று போகும்போதே தெரிந்திருக்கிறது உனக்கு.

பிறகு ஸ்கிரிப்டைப் படித்தேன். நாற்பது வரிகூட இல்லை. வெளியே எதையும் அனுப்பவில்லை, யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கவில்லை, பாஸ்வேர்டு பக்கமே போகவில்லை. நடுநடுவே விளக்கம், இங்கிலீஷ் எழுத்தில் நம் பேச்சு, போனில் மெசேஜ் அடிப்பாயே அந்த மாதிரி. எதை அழிக்கச் சொன்னாலும் முதல்ல ஒரு காப்பி. அடுத்தது, ரத்த லிஸ்ட் போல்டர்னா தொடவே தொடாத, சும்மா சரின்னு மட்டும் சொல்லிரு. இந்த வரியில் நின்றுவிட்டேன். போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கின வாரம், பழைய பிரதி ஒன்றை அழிக்கப் போய், நடுவில் ஒரு இடைவெளி கூட விழுந்து, பட்டியல் மொத்தத்தையும் அழி என்று எண்டர் தட்டிவிட்டேன். தட்டின பிறகுதான் கண்ணில் பட்டது. உயிர் போய் வந்தது. போய்ப் பார்த்தால் பட்டியல் அப்படியே இருக்கிறது. கை தப்பாகத் தட்டியிருக்கும், கருப்பணசாமி காப்பாற்றினார் என்று அழகர்கோயில் வரைக்கும் போய்ப் பதினெட்டாம்படியில் சந்தனம் சாத்திவிட்டு வந்தேன். அந்தச் சந்தனம் உனக்கு வர வேண்டியது. அதே வாசலுக்குத்தான் உன்னைச் சத்தியம் பண்ணக் கூப்பிட்டேன். பட்டியலை எடுக்கவில்லை என்றால் கருப்பு முன்னால் வந்து சூடம் அணைக்கட்டும் என்று பாயிடம் சொல்லி அனுப்பினேன். "சத்தியத்துக்கு நான் வரல, அவளுக்கு வேணும்னா அவ போய்ப் பண்ணிக்கிரட்டும்" என்று நீ சொன்னதாகப் பாய் வந்து சொன்னபோது, பார்த்தீர்களா, பயம், என்றேன். உனக்குத் திருட்டுப் பட்டத்தை மாட்டிவிட்டு நான் தூங்கின அத்தனை நாளும் உன் நாற்பது வரி இங்கே உட்கார்ந்து என்னையும், அந்த நாலாயிரம் பேரையும், என் கையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக்காரி இல்லை, ஆனாலும் எழுத்து மங்குகிறது. கடைசிக்கு முந்தின விளக்கம்: தவத்துக்குக் கோபம் பத்து நிமிஷம்தான், அப்புறம் தேடுவா. பத்து நிமிஷத்தில் தேடுவேன் என்று நினைத்திருக்கிறாய். அவ்வளவு நல்லவளா நான். இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

யாரெல்லாம் இந்த மெஷினுக்குள் வந்து போனார்கள் என்கிற பதிவையும் பார்த்தேன், அவசரத்தில் விட்டுவிடவில்லை. இரண்டு வருஷமும் நான் மட்டும்தான். பதினொன்று பதின்மூன்றுக்குத் தளத்தைத் திறந்தேன், பாயைக் கூப்பிட்டேன். திறந்துவிட்டது, தேடுங்கள் என்றேன். அவர் தட்டுகிற சத்தம் கேட்டது, ஒரு விரலால் தட்டுவார். "பதினோரு பேரு இருக்காங்கம்மா. பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஒரு கண்டக்டர் தம்பி, போன மே மாசம் குடுத்தது. இந்தா, ரிங் போகுது, இரு." என் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு போனில் பேசினார். வாறேன் பாய், இந்த ட்ரிப்ப மாத்திவிட்டுட்டு வாறேன் என்று யாரோ சொல்வது எட்டக் கேட்டது. பெயர் தெரியாத அந்த வயிறு கண்ணுக்கு முன்னால் இருந்து நகர்ந்து போயிற்று. அப்புறம்தான் சொன்னேன். "பாய், அவ எதையும் எடுக்கல." கண்ணாடி கீறுகிற சத்தம் நின்றது. "எடுத்தான்னு நான் ஒருநாளும் சொன்னதில்லையேம்மா. நீதான் சொல்லிக்கிட்டு இருந்த." எடுக்கலை, வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்றேன். "சரி, அதையும் ஊருக்குள்ள சொல்லு. அன்னைக்குச் சொன்ன அதே சத்தத்துல" என்றார். சொல்வேன். சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டில் முதல் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், டிஸ்க் விற்றவனிடம் முதலில். அவள் நம்பர் உங்களிடம் இருக்கா என்று கேட்டேன், என் போனில் அழித்துவிட்டேன், போனில் உன் ஸ்கிரிப்ட் இல்லை. "லிஸ்ட்டுல இருக்கு. பி பாசிட்டிவ். நாலு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வந்து குடுத்துட்டுப் போறா. ஆனா நம்பர் தர மாட்டேன். ரத்தத்துக்கு மட்டும்தான் லிஸ்ட்டு, அவ போட்ட சட்டம்." பேரம் பேச வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டேன். சேதி சொல்கிறேன், என்ன சொல்லணும் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், அதைத்தான் இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன்.

ஸ்கிரிப்டைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். என் கைக்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன், நீ யார் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. உன் நாற்காலியிலிருந்து கூரியர் பாக்கெட்டுகளை எடுத்துத் தரையில் அடுக்கியிருக்கிறேன். நீள நோட்டில் இன்றைய தேதி போட்டு முப்பத்தொன்றையும் எழுதினேன், புதியதை வை என்று தட்டின மடத்தனத்தையும் எழுதினேன். ஆனால் உன் மேல் ஒரு குற்றம் இன்னும் இருக்கிறது, நன்றி வேறு, குற்றம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்கிற ஆள் நான் இல்லை. முதலில் நோட்டில் எழுது, அப்புறம் எண்டர் தட்டு என்று சட்டம் போட்டவள் நீ. அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது, கீழே கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அதோடு டிஸ்க் தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பிவிட்டது, என் கோபம் இன்னும் ஒரு மாதத்துக்குக்கூட இடம் கொள்ளாது. வரும் புதன்கிழமை ஆயுத பூஜை. இந்த வருஷம் கும்பிட்டுவிட்டு ஒப்புக்கொள்ளப் போவதில்லை, படித்துவிட்டுத்தான், அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி வாசிக்க, ஒருத்தி சரிபார்க்க. சுண்டல் நான் கொண்டுவருகிறேன். பாயிடம் சொல்ல வேண்டிய சேதி கிடைத்துவிட்டது, அது உன் கையால் எழுதினதுதான், ஸ்கிரிப்டின் ஆகக் கடைசி வரி: பாக்கி வேலை, மூணு மாசத்துக்கு மேலான காப்பியெல்லாம் கழிக்கணும், வந்து எழுதுறேன். இரண்டு வருஷமாக அந்த வரி அப்படியே நிற்கிறது. வந்து எழுதுகிறேன் என்று சொன்னவள் நீ. வா. வந்து எழுது.